ஷெமா: முழு இருதயத்தோடு இறைவனை நேசிக்க, காலையும் இரவும் ஒரு ஜெபம்

"இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்." ஞாயிறு பள்ளியில் இதை மனப்பாடம் செய்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்பார்கள். அடுத்த வசனமும் கூடவே வந்துவிடும்: "நீ உன் தேவனாகிய கர்த்தரிடத்தில் உன் முழு இருதயத்தோடும், உன் முழு ஆத்துமாவோடும், உன் முழுப் பலத்தோடும் அன்புகூருவாயாக." நானும் அப்படித்தான் படித்தேன். பிழையில்லாமல் ஒப்பிக்கவும் செய்தேன். ஆனால் வளர்ந்த பிறகு ஒரு கேள்வி விடாமல் அரித்துக்கொண்டே இருந்தது. திருடாதே என்றால் திருடாமல் இருக்கலாம். ஓய்வுநாளை ஆசரி என்றால் ஆசரிக்கலாம். அன்புகூரு என்று கட்டளையிட்டால் ஒரு மனிதன் என்னதான் செய்வது? அன்பு சொன்னால் வருகிற காரியமா?

யூதர்கள் இந்த வசனத்தை எப்படிக் கையாளுகிறார்கள் என்று படிக்கத் தொடங்கியபோதுதான் எனக்கு வழி தெரிந்தது. உபாகமத்துக்கு எழுதப்பட்ட பழைய யூத உரையான சிஃப்ரே இதே கேள்வியைக் கேட்கிறது. அன்புகூரு என்று சொல்லியிருக்கிறதே, எப்படி என்று எனக்குத் தெரியாதே? அதற்கு அந்த உரை தரும் பதில், அடுத்த வசனத்தைப் பார் என்பதுதான். "இந்த வார்த்தைகள் உன் இருதயத்தில் இருக்கக்கடவது." வார்த்தைகளைக் கொண்டுபோய் மனதின்மேல் வை, அவற்றின் வழியாக அவரை அறிவாய், அவர் வழியில் ஒட்டிக்கொள்வாய். அதாவது அன்பு பொங்கி வரட்டும், பிறகு ஜெபிக்கலாம் என்று உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. தினமும் இரண்டு வேளை ஜெபி, அன்பு அதற்குள்ளிருந்து வளரும். அந்த ஜெபத்தின் பெயர் ஷெமா. எபிரெயத்தில் "கேள்" என்று பொருள்.

இது இன்று நேற்றைய வழக்கம் இல்லை. எகிப்தில் கிடைத்து 1902-ல் வாங்கப்பட்ட ஒரு பாப்பிரஸ் ஏடு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. நாஷ் பாப்பிரஸ் என்பார்கள். கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்ட அந்தச் சின்ன ஏட்டில் பத்துக் கட்டளைகளும், அவற்றை அடுத்து ஷெமாவின் தொடக்கமும் உள்ளன. எருசலேம் ஆலயத்தில் ஆசாரியர்கள் காலை வேளையில் பத்துக் கட்டளைகளைச் சொல்லி, பிறகு ஷெமாவைச் சொன்னார்கள் என்று, யூத வாய்மொழிச் சட்டங்களின் பழைய தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. முதன்மையான கட்டளை எது என்று ஒரு வேதபாரகர் கேட்டபோது இயேசு சொன்ன பதிலும் "இஸ்ரவேலே, கேள்" என்றுதான் தொடங்குகிறது. மாற்கு 12-ம் அதிகாரத்தில் பார்க்கலாம்.

சரி, எப்படிச் சொல்வது என்று பார்ப்போம்.

என்ன சொல்கிறோம்

ஷெமா என்றால் ஒரு வசனம் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். முழு ஷெமா மூன்று பகுதிகள் கொண்டது: உபாகமம் 6:4-9, உபாகமம் 11:13-21, எண்ணாகமம் 15:37-41. முதல் வசனத்துக்கும் இரண்டாவதற்கும் நடுவில் வேதாகமத்தில் இல்லாத ஒரு வரி மட்டும் மெல்லிய குரலில் சொல்லப்படும். அதைப் பிறகு சொல்கிறேன். இந்த மூன்று பகுதிகளையும் முன்னும் பின்னும் ஆசீர்வாத ஜெபங்கள் அணைத்துக்கொண்டிருக்கும். காலையில் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. இரவில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு.

எந்த மொழியில்? எபிரெயம் தெரியாதே என்று தயங்குபவர்களுக்கு மிஷ்னாவே ஆறுதல் தருகிறது. எந்த மொழியிலும் சொல்லக்கூடியவை என்று அது தரும் பட்டியலில் ஷெமாவும் இருக்கிறது. மிஷ்னாவை விரித்து விவாதிக்கும் நூலான தல்மூத் அதற்குச் சொல்லும் காரணம் அழகானது: வசனம் "கேள்" என்று தொடங்குகிறது, ஆகவே நீ கேட்டுப் புரிந்துகொள்ளும் எந்த மொழியிலும் சொல். தமிழில் சொல்லலாம். ஆனால் முதல் வரியை மட்டுமாவது எபிரெயத்திலும் பழகிக்கொள்ளுங்கள் என்பது என் ஆசை:

ஷெமா யிஸ்ராயேல், அதோனாய் எலோஹேனு, அதோனாய் எஹாத்.

"கர்த்தர்" என்று நாம் படிக்கும் இடத்தில் மூல ஏட்டில் நான்கெழுத்துத் திருநாமம் இருக்கிறது. யூதர்கள் அதை உச்சரிப்பதில்லை. ஜெபத்தில் "அதோனாய்", என் ஆண்டவர், என்று சொல்வார்கள். சாதாரணப் பேச்சில் அதையும் சொல்லாமல் "ஹஷெம்", அந்தப் பெயர், என்பார்கள்.

எப்போது

மிஷ்னா என்ற பெருந்தொகுப்பின் முதல் வாக்கியமே ஒரு கேள்விதான்: மாலையில் ஷெமாவை எப்போதிலிருந்து சொல்லலாம்? இறைவனைப் பற்றிய தத்துவத்தில் அது தொடங்கவில்லை, கடிகாரத்தில் தொடங்குகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. நேசிக்கிறவன் நேரம் பார்ப்பான் அல்லவா?

இரவு ஷெமாவை நட்சத்திரங்கள் தெரிந்த பிறகு சொல்ல வேண்டும். நடு இரவுக்கு முன் முடித்துவிடுவது நல்லது. காலை ஷெமாவுக்கு மிஷ்னா தரும் அடையாளம், நீல நூலையும் வெள்ளை நூலையும் பிரித்தறியும் அளவுக்கு வெளிச்சம் வருவது. கடைசி நேரம், பகலின் மூன்றாம் மணி முடியும் வரை. இந்த "மணி" நம் கடிகார மணி அல்ல. சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை உள்ள நேரத்தைப் பன்னிரண்டாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு. 6 மணிக்கு உதித்து 6 மணிக்கு மறைந்தால் காலை 9 மணியோடு நேரம் முடியும். கோடையில், குளிர்காலத்தில் இது மாறும். மூன்றாம் மணி வரை ஏன்? அரசர்களின் பிள்ளைகள் அந்த நேரத்தில்தான் எழுந்திருப்பார்கள் என்று யூத ஆசானான ரபி யோசுவா காரணம் சொன்னார். தாமதமாக எழுபவனுக்கும் இடம் உண்டு.

ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டு அதை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். மனம் ஒட்டாத நாள்களிலும் அதே நேரத்தில் சொல்லுங்கள். திருமண இரவில் மணமகனுக்கு ஷெமாவிலிருந்து விலக்கு உண்டு. ரபான் கமாலியேல் தன் திருமண இரவில் அந்த விலக்கை எடுத்துக்கொள்ளவில்லை. பரலோக ராஜ்யத்தை ஒரு மணி நேரம்கூட என்மேலிருந்து இறக்கிவைக்க மாட்டேன் என்று தன் சீடர்களிடம் சொன்னார்.

எப்படி நிற்பது, எங்கே சொல்வது

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். "படுத்துக்கொள்ளுகிறபோதும் எழுந்திருக்கிறபோதும்" என்று வசனம் சொல்வதால், இரவில் படுத்தபடியும் காலையில் நின்றபடியும் சொல்ல வேண்டும் என்றது ஷம்மாய் என்ற ஆசானின் பள்ளி. அது நேரத்தைக் குறிக்கிறது, நிலையை அல்ல, அவரவர் இருக்கிற நிலையில் சொல்லலாம் என்றது ஹில்லேல் என்ற ஆசானின் பள்ளி. வழக்கத்தில் நின்றது ஹில்லேலின் கருத்து. ரபி தர்ஃபோன் ஒருமுறை பயணத்தில் ஷம்மாயின் முறைப்படி வழியில் படுத்துச் சொல்லப்போய், கொள்ளையரிடம் மாட்டும் ஆபத்துக்கு ஆளானார்.

கூலி வேலை செய்பவர்கள் மரத்தின் மேலிருந்தும், கட்டிக்கொண்டிருக்கும் சுவரின் மேலிருந்தும் சொல்லலாம் என்று மிஷ்னா அனுமதிக்கிறது. உட்கார்ந்திருந்தால் உட்கார்ந்தே சொல்லுங்கள். சுத்தமான இடமாக இருக்கட்டும். போன் வேறு அறையில் இருக்கட்டும். ஷெமாவின்போது கண்ணால் ஜாடை காட்டுவது, விரலால் சைகை செய்வது கூடாது என்று தல்மூத்தே சொல்லியிருக்கிறது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். காலையில் யூதர்கள் கையிலும் நெற்றியிலும் வசனங்கள் வைத்த தோல் பெட்டிகளான தெஃபில்லீன் கட்டிக்கொள்வதும், நான்கு முனைகளில் ஸீஸித் என்ற நூல் தொங்கல்கள் உள்ள ஜெபச் சால்வையான தாலித்தைப் போர்த்திக்கொள்வதும் அவர்களுடைய உடன்படிக்கையின் அடையாளங்கள். வெளியிலிருந்து இந்த ஜெபத்தை நேசித்து வருகிற நாம் அவற்றை அணிந்து பார்க்க வேண்டியதில்லை. வார்த்தைகள் போதும்.

முதலில் நேசிக்கப்படுவது

பலர் தவறவிடும் படி இது. நேரே "கேள்" என்று தொடங்கிவிடுவார்கள். ஜெபப் புத்தகத்தின் ஒழுங்கைப் பாருங்கள். காலையின் முதல் ஆசீர்வாதம் ஒளியைப் படைத்தவரைப் போற்றுகிறது. இரவில் அதே இடத்தில், மாலையை வரவழைப்பவர் போற்றப்படுகிறார். ஆகவே ஜன்னல் ஓரமாக நின்று வானத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். 12-ம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த பேரறிஞர் மைமோனிடிஸ், இறைவனை நேசிக்க வழி என்ன என்று கேட்டு, அவருடைய வியப்பான படைப்புகளைச் சிந்தித்துப் பார், உடனே நேசிப்பாய், புகழ்வாய் என்றே விடை எழுதினார்.

இரண்டாவது ஆசீர்வாதம் அஷ்கெநாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்) வழக்கில் காலையில் "அஹவா ரப்பா" என்று தொடங்கும். பேரன்பால் எங்களை நேசித்தீர் என்பது அதன் பொருள். அன்போடு தம் மக்களைத் தெரிந்துகொண்டவரைப் போற்றி அது முடியும். அந்த வாய் மூடுவதற்குள் ஷெமா தொடங்கிவிடும். நீ அன்புகூரு என்ற கட்டளை காதில் விழுவதற்கு முன்பே, நீ நேசிக்கப்பட்டவன் என்று சொல்லியாகிவிட்டது. என் பழைய கேள்வி பாதி கரைந்தது இந்த இடத்தில்தான். வெறும் கிணற்றில் இறைக்கச் சொல்லவில்லை. ஊற்று முதலில் திறக்கப்பட்டிருக்கிறது.

முழு ஜெபப் புத்தகம் கையில் இல்லாவிட்டால், இன்று உங்களுக்குக் கிடைத்த ஒரு நன்மையைப் பெயர் சொல்லி நினையுங்கள். பொதுவாக "எல்லாவற்றுக்கும் நன்றி" என்று வேண்டாம். ஒன்றே ஒன்று போதும்.

முதல் வரி

வலது கையால் கண்களை மூடிக்கொள்ளுங்கள். மிஷ்னாவைத் தொகுத்த ரபி யூதா ஹநாசி பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே, கையைக் கண்களின்மேல் வைத்து இந்த வரியைச் சொன்னார் என்று தல்மூத்தில் இருக்கிறது. கண்ணை மூடுவது கவனம் சிதறாமல் இருக்க.

பிறகு உங்கள் காது கேட்கும்படி சொல்லுங்கள். ஒவ்வொரு சொல்லையும் தனியாக, அவசரமில்லாமல். கடைசிச் சொல்லான "எஹாத்", ஒருவர், என்பதில் நிற்க வேண்டும். இந்தச் சொல்லை நீட்டிச் சொல்பவனுக்கு நாள்களும் ஆண்டுகளும் நீட்டப்படும் என்றார் சும்கோஸ் என்ற ஆசிரியர். எங்கே நீட்டுவது? கடைசி எழுத்தான தாலெத்தில். நாம் "த்" என்று எழுதினாலும் "இது" என்பதில் வரும் மெல்லிய ஒலி அது. நடுவில் உள்ள ஹேத் எழுத்தையும் விழுங்கிவிடக் கூடாது. தாலெத்தைச் சரியாகச் சொல்லாவிட்டால், எழுத்தில் அதைப் போலவே தோன்றும் ரேஷ் ஆகிவிடும். "எஹாத்" ஒருவர். "அஹேர்" வேறொருவர். அர்த்தமே கவிழ்ந்துவிடும். மோசேயின் ஐந்து நூல்களை எழுதிய தோராச் சுருளில் இந்தத் தாலெத்தையும், "ஷெமா" என்ற சொல்லின் கடைசி எழுத்தான ஆயினையும் பெரிதாக எழுதுவார்கள். இரண்டையும் சேர்த்தால் "ஏத்", அதாவது சாட்சி.

நீட்டும்போது என்ன நினைப்பது? 16-ம் நூற்றாண்டில் யோசேஃப் காரோ தொகுத்த ஷுல்ஹான் அரூக் என்ற சட்டநூல் அதையும் சொல்லித் தருகிறது. எபிரெய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. ஆலெஃப் 1, அவர் ஒருவர். ஹேத் 8, ஏழு வானங்களிலும் பூமியிலும் அவர் அரசர். தாலெத் 4, நான்கு திசைகளிலும் அவரே. இந்த மூன்றையும் கூட்டினால் 13. அன்பு என்று பொருள்படும் "அஹவா" என்ற சொல்லின் எழுத்துகளைக் கூட்டினாலும் 13. ஒருமை வந்தால் அன்பு அடுத்த வசனத்தில் தானாக வரும் என்று இதை நான் படித்துக்கொள்கிறேன்.

மனம் எங்கோ போய்விட்டால்? இந்த முதல் வரிக்கு மட்டும் விலக்கு இல்லை. கவனமில்லாமல் சொன்னால் சொன்னதாகாது, மெதுவாகத் திரும்பச் சொல்ல வேண்டும். அதனால் தொடக்கத்தில் இந்த ஒரு வரியை மட்டும் முழு மனதோடு சொல்லிப் பழகினால் போதும் என்பேன்.

இதை அடுத்து, மெல்லிய குரலில்: பாரூக் ஷேம் கெவோத் மல்கூத்தோ லெஓலாம் வாஎத். அவருடைய ராஜ்யத்தின் மகிமையுள்ள நாமம் என்றென்றைக்கும் போற்றப்படுவதாக. இதற்கு ஒரு கதை இருக்கிறது. யாக்கோபு மரணப் படுக்கையில் கிடந்தபோது, தன் பிள்ளைகளில் யாராவது வழி தவறியவன் இருப்பானோ என்று அஞ்சினார். பன்னிரண்டு பேரும் "இஸ்ரவேலே, கேள்" என்று சொன்னார்கள். இஸ்ரவேல் என்பது அவருடைய இன்னொரு பெயர் அல்லவா? அப்பா, கேளுங்கள், உங்கள் இருதயத்தில் இருப்பது போலவே எங்கள் இருதயத்திலும் ஒருவரே. அதைக் கேட்ட கிழவர் சொன்ன வார்த்தைதான் இது. யாக்கோபு சொன்னார், மோசே எழுதவில்லை. இரண்டையும் மதித்து, மெதுவாகச் சொல்வோம் என்று முடிவு செய்தார்கள். பாவநிவிர்த்தி நாளான யோம் கிப்பூரில் மட்டும் உரக்கச் சொல்வார்கள்.

மூன்று முழுமைகள்

இப்போது கையை எடுத்துவிட்டு "வெஆஹவ்தா", நீ அன்புகூருவாயாக, என்று தொடருங்கள். இங்கே வேகத்தைக் குறைத்து, மூன்று இடங்களில் நில்லுங்கள்.

முழு இருதயத்தோடு: பெகோல் லெவாவ்கா. இதைச் சொல்லும்போது நம் நாக்கு நம்மை ஏமாற்றும். நிலைமொழியும் வருமொழியும் சேர்ந்தொலிப்பது தமிழில் இயல்பு. ஆனால் இங்கே "பெகோல்" என்பதன் கடைசி லகரமும் "லெவாவ்கா" என்பதன் முதல் லகரமும் ஒட்டிக்கொள்ளக் கூடாது. நடுவில் ஒரு மூச்சு இடைவெளி வேண்டும். எழுத்துகளில் இவ்வளவு கவனம் ஏன் என்றால், அன்பு இருக்கிற இடத்தில் அவசரம் இருக்காது.

இருதயம் என்பதற்கு எபிரெயத்தில் "லேவ்" என்றாலே போதும். இங்கே "லெவாவ்" என்று, வகரமாக ஒலிக்கும் பேத் எழுத்து இரண்டோடு வருகிறது. ஆகவே உன்னுள் இருக்கும் இரண்டு நாட்டங்களாலும், நல்லதாலும் கெட்டதாலும், நேசி என்று மிஷ்னா விளக்குகிறது. கெட்டதை வெளியே கழற்றி வைத்துவிட்டு வா என்று சொல்லவில்லை. அந்த நாட்டம் இல்லாவிட்டால் ஒருவனும் வீடு கட்ட மாட்டான், மணம் முடிக்க மாட்டான், வியாபாரம் செய்ய மாட்டான் என்று யூத வேத விளக்கத் தொகுப்பான மித்ராஷ் சொல்கிறது. இந்த இடத்தில் உங்கள் கோபத்தையும் பேராசையையும் பெயர் சொல்லி அவர் முன் வையுங்கள். முழு இருதயம் என்றால் அதுவும் சேர்த்துத்தான்.

முழு ஆத்துமாவோடு: உன் உயிரை அவர் எடுத்தாலும். கி.பி. 135-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரோமர்கள் ரபி அகிவாவைக் கொலைக்குக் கொண்டுபோனபோது, அது ஷெமா சொல்லும் நேரம். இரும்புச் சீப்புகளால் அவர் சதையைக் கிழித்தார்கள். அவர் ஷெமாவைச் சொல்லிக்கொண்டிருந்தார். "எங்கள் ஆசானே, இந்த அளவுக்குமா?" என்றார்கள் சீடர்கள். வாழ்நாளெல்லாம் இந்த வசனம் என்னை வருத்திக்கொண்டிருந்தது, எப்போது என் கைக்கு வரும், நிறைவேற்றுவேன் என்று, இப்போது வந்திருக்கும்போது நிறைவேற்றாமல் விடுவேனா என்றார் அவர். "எஹாத்" என்பதை நீட்டிக்கொண்டே இருந்தார், அதிலேயே உயிர் பிரிந்தது. இதை எழுதும்போதும் எனக்குக் கை நிற்கிறது. நமக்கு அப்படி ஒரு வேளை வர வேண்டாம். ஆனால் உயிரைத் துண்டு துண்டாக, நேரமாகக் கொடுக்கலாம். இன்று யாருக்கு என் ஒரு மணி நேரத்தைக் கொடுப்பேன் என்று இங்கே கேட்டுக்கொள்ளுங்கள்.

முழுப் பலத்தோடு: தமிழில் "பலம்" என்று படிக்கிறோம். எபிரெயச் சொல் "மெஓத்". சாதாரணமாக அதற்கு "மிகவும்" என்றுதான் அர்த்தம். உன் "மிக" எல்லாவற்றோடும் என்கிறது வசனம். மிஷ்னா இதைப் பணம் என்று விளக்குகிறது. உயிரையே கொடு என்ற பிறகு பணம் எதற்கு? உயிரைவிடப் பணத்தைப் பெரிதாக நினைப்பவன் இருக்கிறானே, அவனுக்காக என்றார் ரபி எலியேசர். எனக்கு மூன்றில் கடினமானது இதுதான். உயிரைக் கேட்கிற நாள் வருவதே இல்லை. பணத்தைக் கேட்கிற நாள் தினமும் வருகிறது. மிஷ்னா இன்னொரு பொருளும் தருகிறது: "மெஓத்" என்ற ஒலியை "மித்தா", அளவு, என்பதோடு சேர்த்து, அவர் எந்த அளவால் உனக்கு அளந்தாலும் நன்றி சொல். சம்பளம் குறைந்த மாதத்திலும்.

அடுத்த இரண்டு பகுதிகள்

இரண்டாம் பகுதியில் "உன்" என்பது "உங்கள்" ஆகிறது. தனி மனிதனிடம் பேசியது இப்போது சமுதாயத்திடம் பேசுகிறது: கட்டளைகளைக் கேட்டால் முன்மாரியும் பின்மாரியும் பெய்யும், விலகினால் வானம் அடைபடும். மழையை நம்பியிருந்த இஸ்ரவேல் தேசத்துக்கு அது உயிர்ப் பிரச்சினை. "கேள்" என்ற பகுதி ஏன் முதலில், இது ஏன் இரண்டாவது? முதலில் பரலோக ராஜ்யத்தின் நுகம், பிறகு கட்டளைகளின் நுகம் என்றார் ரபி யோசுவா பென் கோர்ஹா. முதலில் ஆளை ஏற்றுக்கொள், பிறகு அவர் சொல்வதை.

மூன்றாம் பகுதி ஸீஸித் பற்றியது. அந்தத் தொங்கலில் ஒரு நீல நூல். நீலம் கடலைப் போன்றது, கடல் வானத்தைப் போன்றது, வானம் மகிமையின் சிங்காசனத்தைப் போன்றது என்றார் ரபி மேயீர். காலையில் தொங்கல்களைக் கையில் சேர்த்துப் பிடித்து, "ஸீஸித்" என்ற சொல் வரும்போதெல்லாம் முத்தமிடுவார்கள். "நினைவுகூரும்படி" என்று பொருள்படும் "திஸ்கெரூ" என்ற சொல்லில், நடுவிலுள்ள ஸாயின் எழுத்தை வண்டு ரீங்கரிப்பது போல அதிரச் சொல்ல வேண்டும். வெறும் ஸகரமாகச் சொன்னால் கூலி பெறுவது என்ற அர்த்தம் வந்துவிடும். கூலிக்காக நினைப்பதும் அன்பினால் நினைப்பதும் ஒரே எழுத்தில் பிரிகின்றன.

கடைசி வார்த்தைகள் "நான் உங்கள் தேவனாகிய கர்த்தர்." இதோடு நிறுத்தாமல், அடுத்த ஜெபத்தின் முதல் சொல்லான "எமெத்", உண்மை, என்பதையும் சேர்த்தே மூச்சு விடுவார்கள். மூன்று பகுதிகளிலும், நடுவே மெல்லச் சொல்லும் வரியிலும் மொத்தம் 245 சொற்கள். சபையில் தலைவர் கடைசி மூன்று சொற்களைத் திரும்பச் சொல்வதால் 248 ஆகும். மனித உடலின் உறுப்புகள் என்று மிஷ்னா எண்ணும் எண்ணிக்கையும் 248.

முதல் வாரத்துக்கு

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். முதல் வாரம் கண்ணை மூடிச் சொல்லும் ஒரு வரி, காலையும் இரவும். இரண்டாம் வாரம் உபாகமம் 6:9 வரை. பிறகு மெல்ல மற்றவை. வீட்டில் குழந்தை இருந்தால் கூடவே சொல்லட்டும். பேசத் தொடங்கும் பிள்ளைக்குத் தகப்பன் ஷெமாவின் முதல் வசனத்தைக் கற்றுத்தர வேண்டும் என்பது தல்மூத் காலத்து வழக்கம். பிள்ளைக்கு அர்த்தம் தெரியாது. பரவாயில்லை, நானும் தெரியாமல்தான் படித்தேன்.

படுக்கையில்

இரவு ஜெபம் தனியாக முடிந்திருந்தாலும், படுக்கும்போது முதல் பகுதியை இன்னொரு முறை சொல்வார்கள். பல ஜெபப் புத்தகங்களில் அதற்கு முன்னால் ஒரு மன்னிப்பு இருக்கும்: இன்று என்னைக் கோபப்படுத்தினவர், எனக்குத் தீங்கு செய்தவர், தெரிந்தோ தெரியாமலோ, எல்லாரையும் மன்னிக்கிறேன், என்னால் யாரும் தண்டிக்கப்பட வேண்டாம். இதைச் சொல்ல முடியாத இரவுகள் உண்டு. அப்போது யார் பெயரில் நாக்கு தடுக்குகிறதோ, அந்தப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, சற்று நேரம் சும்மா இருங்கள்.

பிறகு விளக்கை அணைத்து ஷெமா. அதன் பின் பேச்சு வேண்டாம், சாப்பாடு வேண்டாம். தூக்கம் வரவில்லை என்றால் என்ன செய்வது என்றும் ஷுல்ஹான் அரூக் யோசித்திருக்கிறது. ஷெமாவையே திரும்பச் சொல், தூக்கம் வந்து எடுத்துக்கொள்ளும் வரை சொல்லிக்கொண்டே இரு. எந்தச் சொல்லில் தூங்கிப்போனோம் என்று காலையில் நினைவிருக்காது.